மொட்டை மாடியில் ஒரு வட துருவம்

சென்ற வாரம் என் தலைக்கு மேலேயே வட துருவம் உருகிவிட்டது. நம்ப மாட்டீர்கள்... சொல்கிறேன்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட் கடைசி மாடியில் இருக்கிறது. கோடை வந்தால் ஃபேன் அனலைத்தான் கீழே தள்ளும். ஏசி இல்லாமலே சமாளித்துக் காட்டுகிறேன் என்று வீட்டில் சவால் விட்டு, இந்த வருஷம் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். முதல் வாரம் போர்வை தேடினேன் என்றால் பொய். ஆனால் தூங்கினேன். அதுவே பெரிய விஷயம் இல்லையா?

இரண்டாவது வாரம் மறுபடியும் அனல். பெயின்ட்டைத் திட்டிக்கொண்டே மாடிக்குப் போனேன். அங்கே என் வெள்ளைத் தரையை முக்கால்வாசி மறைத்துக் கருப்புத் தார்ப்பாய்! அதன்மேல் வரிசை வரிசையாகக் கூழ் வடாம். பக்கத்தில் குடை பிடித்தபடி காக்கா ஓட்டிக்கொண்டிருந்தார் கீழ் வீட்டு சுந்தரி அக்கா. எங்கள் அபார்ட்மென்ட் நிற்பதே அவர் குடும்பத்து நிலத்தில்தான். அதனால் அவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேச வேண்டும்.

"என்னக்கா இது?"

"நீங்க அட்ச்ச பெயின்ட்டால ஒரே பேஜாரு சார். தரையில சூடே ஏற மாட்டேங்குது. வடாம் அப்டியே ஈரமா கீது. அதான் கருப்புப் பாய் போட்டேன். இப்ப பாரு, மொறுமொறுன்னு காயுது!"

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். முந்தின நாள்தான் துருவப் பனி பற்றி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். விடுவேனா?

"அக்கா, வட துருவத்துல கடல் மேல வெள்ளையா ஐஸ் மிதக்குது. அது வெயிலைத் திருப்பி அனுப்பிடும். இப்போ உலகம் சூடாகி அந்த ஐஸ் உருகுது. கீழே இருக்குற கடல் கருப்பு, வெயிலை அப்படியே இழுத்துக்கும். இன்னும் சூடு... இன்னும் உருகும். இப்படியே போனா ஒரு கோடையில அங்க ஐஸே இருக்காதாம். நீங்க விரிச்சிருக்கறது அந்தக் கருப்புக் கடல். அடியில மாட்டிக்கிட்ட பனிக்கரடி... நான்!"

அக்கா குடையை மடக்கி யோசித்தார். புரிந்துவிட்டது என்று எனக்கு ஏகப் பெருமை.

"அப்போ இனிமே அங்கயும் வடாம் போடலாம்னு சொல்லு!"

"பாயை எடுத்துடுங்கக்கா" என்றேன், கறாராக.

"எட்த்துர்றேன் சார், எனக்கின்னா? ஆனா இதுல பாதி உங்க வூட்டு வடாம். பாய் வாங்கியாந்ததே உங்க வூட்டம்மாதான். கீழ போய் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

இறங்கினேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். எண்ணெயில் வடாம் பொரிந்துகொண்டிருந்தது.

"நேத்து ரசம் சாதத்துக்கு ஒரு தட்டு காலி பண்ணீங்களே... அது வேற எதுல காஞ்சதுன்னு நெனச்சீங்க?" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பனியை உருக்குகிறவர்கள் எங்கோ தூரத்தில் புகை விடுகிறவர்கள் என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், கருப்புப் பாயில் பாதி நம்முடையது! அது மட்டுமா? சூடாக ஒரு வடாமை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம்.

பாயை எடுத்தாயிற்றா என்றுதானே கேட்கிறீர்கள்?

ஏசி புக் பண்ணிவிட்டேன்... கரடிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.