பட்டறைக் கற்கள்

பேரையூர்ப் பக்கம் எங்கள் காட்டில் வேப்பமரத்தடியில் இரண்டு வரிசையாகக் கற்கள் கிடக்கின்றன. தெரியாதவர்கள் பார்த்தால், யாரோ கோயில் கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். என் அத்தையின் வெங்காயப் பட்டறை நின்ற இடம் அது. ஈரம் ஏறாமல் இருக்கக் கல் போட்டு, மேலே கம்புகளைப் பரப்பி, சுற்றிலும் மூங்கில் தட்டி கட்டி, சின்ன வெங்காயத்தைக் கொட்டித் தென்னங்கீற்று வேய்ந்துவிடுவார்கள். காற்று புகுந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் கெடாது. அறுத்த கையோடு எல்லோரும் சந்தையில் கொண்டுபோய்க் கொட்டி விலையை விழவைக்காமல், பொறுத்திருந்து விற்பதற்கு வசதியில்லாதவனிடம் இருந்த ஒரே வழி அதுதான். அதைத்தான் அதிகாரிகள் பதுக்கல் என்று எழுதினார்கள். எழுதியவன் வாழ்க்கையில் ஒரு வெங்காயம்கூட நட்டிருக்கமாட்டான்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். மாமா செத்த பிறகு ஒன்றரை ஏக்கரைத் தனியாளாகப் பார்த்தாள். நான் அப்போது லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் சரக்கைப் பரவை மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போவது நான்தான். பட்டறை வேயும்போது கீற்றை நெருக்கிப் போட்டால் அவளுக்குப் பொறுக்காது. "ஏ மருமகனே, அது மூச்சு விடவேணாமா? பொணத்துக்குக் கோடி போத்துற மாதிரி இழுத்து மூடுற!" என்பாள். பட்டறை போட வசதியில்லாதவர்களும் தங்கள் வெங்காயத்தை அவளிடம்தான் கொண்டுவந்து வைப்பார்கள். நடுவே ஓலைப்பாயைத் தடுப்பாக வைத்துக்கொள்வாள். வாடகை வாங்கமாட்டாள்.

பதுக்கல் என்று எழுதப்பட்ட அந்த வருடம் அப்படி வைத்தவர்களில் ஊர்க்கார அண்ணன் ஒருவர், தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்துக்காரர். முதன்முதலாகச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி, முதல் வெள்ளாமையாக வெங்காயம் போட்டிருந்தார். பன்னிரண்டாவது முடித்திருந்த அவர் மகளுக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெங்காயம் விற்றுத்தான் அவளைச் சேர்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் வந்து தட்டி இடுக்கில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அத்தை கேலி செய்வாள்: "என்னண்ணே, புள்ளைக்குக் காச்சல் பாக்குற மாதிரி தொட்டுப் பாக்குறீக? அம்புட்டும் சொகமா இருக்கு, போங்க."

விலை ஏறியது. அதற்கு முந்தின வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் வெங்காயத்தை ஆட்டுக்கு அள்ளிப் போட்டோம். அப்போது எந்த அரசாங்க ஜீப்பும் எங்கள் ஊருக்கு வழி தெரிந்து வரவில்லை. விலை ஏறியதும் டிவியில் ஒப்பாரி வைத்தார்கள், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்றார்கள், இருப்புக்குக் கட்டுப்பாடு என்றார்கள். மதுரையில் மாதச் சம்பளத்தில் இருக்கும் என் தம்பி ஊருக்கு வந்தவன், "என்ன அத்தே, இந்த வெலை வித்தா ஏழைபாழை எப்படித் திங்கும்?" என்றான்.

"ஏன்டா, நாங்க என்ன ஜமீனா? ஆட்டுக்கு அள்ளிப் போட்டப்ப ஏழைபாழையப் பத்திக் கேக்க ஒன்னையக் காணோமே! வெலை ஏறுனா அடுத்த போகம் நாலு பேரு கூட நடுவான், தன்னால எறங்கும். இப்படித் தலையில தட்டுனா எவன்டா நடுவான்?" என்றாள் அத்தை.

தம்பி சொன்னதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். இல்லாதவன் சாப்பிடத்தான் வேண்டும். அப்படியானால் அரசாங்கம் எங்களிடம் நல்ல விலைக்கு வாங்கி அவனுக்குக் கொடுக்கட்டும். ஒரு இல்லாதவன் வயிற்றை இன்னொரு இல்லாதவன் காட்டிலிருந்து பிடுங்கி நிரப்புவது என்ன நியாயம்?

ஒருநாள் ஜீப் வந்தது. விவசாயி தன் விளைச்சலை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. வாங்கிச் சேர்த்து வைக்கும் வியாபாரிக்குத்தான் கட்டுப்பாடு. அதிகாரி பட்டறையைச் சுற்றி வந்து, "இதெல்லாம் யாருதும்மா?" என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நம் பட்டறைக்குள் வந்துவிட்ட சரக்கை, வெளியாள் கேட்டால் இன்னொருத்தருடையது என்று சொல்லக்கூடாது. சொன்னால் பொறுப்பைத் தட்டிக்கழித்ததாக அர்த்தம். அத்தை நிமிர்ந்து நின்று, "எல்லாம் என்னுதுதான்" என்றாள்.

ஒன்றரை ஏக்கரில் இவ்வளவு விளையாது என்று அந்த ஆளுக்குத் தெரியும். அடுத்தவரிடம் வாங்கி வைத்திருக்கிறாள், லைசென்ஸ் இல்லாத வியாபாரி என்று எழுதினார். நான் ஓடிப்போய் ஒவ்வொருத்தர் பேராகச் சொன்னேன். அந்த அண்ணனே வந்து, "சார், அந்த ஓரத்துல இருக்கிறது என் வெங்காயம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தம்மா மொதல்ல சொன்னதத்தான் எழுதுவேன். இப்ப ஆள் மாத்தி ஆள் சொன்னா?" என்றார் அதிகாரி. ஓலைப்பாயைக் கிழித்து எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளினார்கள். வாய் தைத்த மூட்டைகளில் அடைத்து, ஜன்னல் இல்லாத குடோனில் கூரை முட்ட அடுக்கினார்கள்.

"மூட்டையப் பிரிச்சாவது விடுங்கய்யா, அவிஞ்சு போகும்" என்று அத்தை குடோன் வாசலில் நின்று கெஞ்சினாள். மேலதிகாரி உத்தரவு வேண்டும் என்றார்கள். உத்தரவு வருவதற்குள் நாற்றம் வந்துவிட்டது. யாருடைய வயிற்றுக்காகப் பிடித்தார்களோ, அவர்களில் ஒருத்தர்கூட அதில் ஒரு வெங்காயம் உரிக்கவில்லை. கடைசியில் லாரியில் அள்ளிக் கண்மாய்க் கரையில் கொட்டினார்கள்.

அந்த அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீக, விடுங்க" என்றார். திட்டியிருந்தால் அத்தை தாங்கியிருப்பாள். அந்தப் பெண் படிக்கப் போகவில்லை, நூல் மில்லுக்கு வேலைக்குப் போனாள். விடியற்காலையில் மில் வேன் எங்கள் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தாலும் வாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். வேன் போன பிறகுதான் வெளியே வருவாள். அவள் சாகும்வரை அப்படித்தான். பட்டறையைத் திரும்பப் போடவே இல்லை. தட்டிகளை ஆட்டுக்கொட்டிலுக்கு எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வேறு யாரும் போடவில்லை.

இப்போது அந்தக் காட்டை நான் பார்க்கிறேன். இந்த வருடம் வெங்காயம் நன்றாக விளைந்தது, விலை மட்டும் படுத்துவிட்டது. அந்த அண்ணன் வந்து, "தம்பி, கல்லு கெடக்குல்ல? சேந்து ஒரு பட்டறை போடுவமா?" என்று கேட்டார். இழந்தவருக்கே துணிச்சல் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. "வேணாம்ணே, வித்துருவோம்" என்றேன்.

மறுநாள் வியாபாரி வந்தார். அவர் கெட்டவர் இல்லை. இன்றே விற்றாக வேண்டியவனிடம் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். வெயிலுக்கு வேப்பமரத்தடியில் ஒதுங்கி, அத்தை போட்ட கல்லில் சாவகாசமாக உட்கார்ந்து விலையைச் சொன்னார். நானும் அந்த அண்ணனும் நின்றுகொண்டு கேட்டோம்.