மில் தொடங்கிய நேரம்

1997 பெப்ரவரி 12, புதன்கிழமை, அதிகாலை நான்கரை மணி. என் கொப்பியில் அன்று அப்படித்தான் எழுதினேன். அது பிழையான நேரம் என்பது சற்றுப் பிந்தியே தெரிந்தது.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, புதுக்குடியிருப்பில் உறவினர் வீடொன்றின் பின்னறையில் தங்கி, இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். யன்னலுக்கு வெளியே ஓர் ஒழுங்கை. முன்பு அங்கு ஓர் அரிசி மில் மட்டுமே இருந்ததாம். இடப்பெயர்வுக்குப் பின் இரும்புப் பட்டறை வந்தது. சவர்க்காரம் காய்ச்சும் கொட்டில் வந்தது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கும் கராஜும் வந்தது. பற்றரி கிடைக்காததால் என் மணிக்கூடு நின்று பல மாதங்கள். மில் இயந்திரம் நான்கரைக்குத் தொடங்கும். நானும் எழுந்து யன்னலடியில் அமர்வேன். கொட்டிலில் அடுப்பு மூளும். கராஜ்காரர் சில துளி பெற்றோல் விட்டு ஓர் இயந்திரத்தைக் கிளப்ப, மண்ணெண்ணெய்ப் புகை என் அறைவரை வரும். அனைத்தையும் ஒழுங்காகக் குறித்து வைத்தேன். அவர்களில் ஒருவருடனும் கதைத்ததில்லை.

ரியூசன் வகுப்பில் எனக்கிருந்த ஒரே தோழிக்கு வவுனியா போக அனுமதிப் பாஸ் கிடைத்தது. அவளுடைய இரண்டு வருடக் குறிப்புகளும் ஒரே தடித்த கொப்பியில் இருந்தன. பிரதி எடுக்க அதை இரவல் கேட்டேன்.

"புதன்கிழமை காலமை அஞ்சு மணிக்கு பஸ். பஸ்ஸடியில கொண்டு வந்து தா. அது இல்லாமல் அங்க போய் நான் என்னத்தைப் படிக்கிறது?" என்றாள். பிறகு சிரித்தாள். "உன்ர மில் காய்ச்சலெண்டு படுத்திட்டா?"

"அது படுக்காது."

"மில்லுக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரியெல்லோ கதைக்கிறாய்!"

மூன்று நாட்கள், தூசி வராமல் யன்னலைச் சாத்திவிட்டு எழுதினேன். புதன்கிழமை மில் சத்தம் கேட்டு எழுந்தேன், நேரத்தைக் குறித்தேன், முகம் கழுவி, கொப்பியைத் தாளில் சுற்றிக்கொண்டு நடந்தேன். வானம் வழமையைவிட வெளுத்திருந்தது. பனி குறைவு என்று எண்ணினேன்.

சந்தியில் ஒருவரும் இல்லை. தேத்தண்ணிக் கடை ஐயா ஆட்கள் இருக்கும் வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ் போட்டுது பிள்ளை. ஒரு பிள்ளை மிதிபலகையில நிண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. உங்களைத்தானோ?"

"மில் இப்பதானே ஐயா தொடங்கினது?"

"எந்த மில்? பழைய மில்லை நேற்றுக் கழட்டி மல்லாவிக்குக் கொண்டு போட்டினம். இது பட்டறைக்குப் பக்கத்தில புதுசாப் பூட்டினது, இண்டைக்குத்தான் முதல்முதல் ஓடுது. உங்கட கிளிநொச்சி ஆக்கள்தான். அவை ஆறுதலா, பிந்தித்தான் எழும்புவினம்." துணியைத் தோளில் போட்டபடி, "மில்லைப் பார்த்தே பஸ்ஸுக்கு வாறனீங்கள்?" என்றார்.

திரும்பும் வழியில் பழைய மில்லின் கொட்டிலைப் பார்த்தேன். இயந்திரம் பூட்டியிருந்த இடத்தில் நான்கு ஆணிகளும் எண்ணெய் ஊறிய சீமெந்தும் மிஞ்சியிருந்தன. என் யன்னலிலிருந்து நாற்பது அடி. அதைக் கழற்றி ஏற்றிய நாள் முழுவதும், சாத்திய யன்னலுக்குப் பின்னால் நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். சம்மட்டிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பட்டறைச் சத்தமென்று விட்டிருப்பேன்.

எழுத இன்னும் பதினொரு பக்கங்கள் இருந்தன. அன்று முழுவதும் கொப்பி மேசையில் கிடந்தது. அதை விரிக்க மனம் வரவில்லை.

மறுநாள் எந்த இயந்திரமும் தொடங்குமுன் சந்தியில் இருந்தேன். வவுனியா போகும் ஓர் அக்காவை ஐயா காட்டினார். தோழி முன்பே தந்திருந்த வவுனியா முகவரியை வெளித்தாளில் எழுதி, அவளுடைய கொப்பியை அந்த அக்காவிடம் கொடுத்தேன்.

"குடுக்கிறன், பயப்பிடாதேங்கோ. ஏதும் சொல்லவோ?"

"பிந்திட்டன் எண்டு சொல்லுங்கோ அக்கா."

பஸ் போய்ச் சற்று நேரத்தின் பின்தான் மில் தொடங்கியது. வாங்கில் அமர்ந்து ஒரு தேத்தண்ணி கேட்டேன். மில் தொடங்கிய மணியை ஐயாவிடம் விசாரித்து, என் கொப்பியில் புதன்கிழமைக்கு எழுதியதை வெட்டித் திருத்தினேன்: ஐந்தேகால்.