மதர்போர்டோடு போன குரல்

என் தம்பி டெல்மர் வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். உள்ளே இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுப் போடாத கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் திட்டித்தான் அனுப்புவான். உள்ளே மதர்போர்டில் ஒரு சில்லு இருக்கிறதாம். தன் மெஷின்தான் என்று உறுதியானால் மட்டும் அது சாவியைக் கொடுக்குமாம். ஒரு தடவை அவன் வண்டியிலிருந்து லேப்டாப் களவுபோய், பள்ளத்தில் கிடந்து திரும்பி வந்தது. எடுத்தவனால் ஒரு படத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து தேவாலயத்தைவிட அந்தச் சில்லின் மேல்தான் அவனுக்கு நம்பிக்கை.

அவன் மனைவி ஆர்லிஸுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும் என்றார்கள். போகுமுன் தன் லேப்டாப்பில் அவனுக்காகப் பேசிப் பதிந்து வைத்தாள். "இப்பக் கேக்காத, வெக்கமா இருக்கு. அப்புறமாக் கேளு" என்றாள். ஆபரேஷனிலிருந்து அவள் திரும்பவில்லை.

அடக்கம் முடிந்து, கேட்கலாம் என்று உட்கார்ந்தவன் காப்பியை அந்த லேப்டாப்மேல் தட்டிவிட்டான். தானே மதர்போர்டை மாற்றினான். பழையதைக் கழிவுத் தொட்டியில் போட்டான். நசுக்குகிற வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது. சில்லு போனாலும் திறக்க, எழுதி வைக்கிற இன்னொரு சாவி உண்டு. வேறு யாருடையதாக இருந்தாலும் முதலில், "ரெண்டாவது சாவி இருக்கா?" என்று கேட்காமல் தொடமாட்டான். இது வீட்டு மெஷின், அப்படிக் கேட்க எதிரே ஆள் நிற்கவில்லை.

"சாவி கேக்குதுக்கா" என்றான்.

"ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுறவன் நீதானே, போடு."

"சில்லு பழைய போர்டுல போயிடுச்சு. இன்னொரு சாவி எங்கன்னு ஆர்லிஸுக்குத்தான் தெரியும். நான் கேட்டு வச்சிக்கல."

"செஞ்ச கம்பெனிக்காரன்ட்ட கேளேன்டா."

"கேட்டேன். அவனாலயும் தொறக்க முடியாதாம். அதுதான் அதோட பெருமையாம்."

"கட்டின புருசனையே திருடன்னு நினைக்குது, அது ஒரு பெருமையா?"

"அதுக்கு நானும் திருடனும் ஒண்ணுதான்க்கா."

அவன் அழவில்லை. நான் கொண்டுபோன ஓவனில் வேகவைத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷைச் சாப்பிட்டான். உப்பு போட மறந்திருந்தேன், அதைக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் கடையில் நானும் இருந்தேன். பக்கத்துப் பண்ணை இங்கர் புது மெஷினோடு வந்து, "பூட்டுப் போடவா வேணாமா டெல்மர்?" என்றாள்.

அவன் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "போடுங்க. ரெண்டாவது சாவிய வீட்ல இன்னொருத்தர்ட்டயும் சொல்லி வைங்க."

அவள் போனதும், "இன்னமுமாடா அத நம்புற?" என்றேன்.

"அது சொன்னபடிதானேக்கா செஞ்சுது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒப்பமாட்டேன். ஆர்லிஸின் லேப்டாப் அவன் சமையலறை மேசையில்தான் இருக்கிறது. அதைத் தள்ளி வைக்காமல், பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறான்.