காயாத சிவப்புப் பெயிண்ட்

என் கார்ச் சக்கரத்தின் இடுக்கு வழியே தெரிந்த துருவைப் பார்த்துத்தான் சகலை சிரித்தார். சுழலும் தட்டைக் கவ்வி வண்டியை நிறுத்துகிற இரும்பில், பிரேக் காலிப்பரில், பிடித்த துரு அது. "வண்டிக்குக் கால்ல பித்தவெடிப்பு சகலை. ஒரு மருதாணியாவது வெச்சு விடுங்க." என் மனைவியின் அக்கா கணவர் அவர். வீடு திருவிடைமருதூரில். தலை நரைத்த இருவர் ஒருவர் காரை மற்றவர் கேலி செய்வதில் அப்படி ஒரு சுகம். "ஞாயித்துக்கிழமை வர்றேன், பாருங்க," என்று வெள்ளிக்கிழமை இரவு போனில் சவால் விட்டேன்.

சனிக்கிழமை காலை, தஞ்சாவூரில், எங்கள் வாசலில் ஜாக்கி போட்டு இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றினேன். கம்பி பிரஷ் பட்ட இடமெல்லாம் துரு செம்புழுதியாய் உதிர்ந்தது. கிளீனர் அடித்து, துடைத்து, மறுபடி அடித்து, தட்டின் மேல் பேப்பரைச் சுற்றி டேப் ஒட்டி, ரப்பர் மேல் படாமல் சூடு தாங்கும் சிவப்பைப் பூசினேன். எதையும் முழுசாய் முடிக்காத என் கைக்கு அன்று என்னவோ பொறுமை வந்திருந்தது. இரண்டாவது பூச்சில் இரும்பு ஈரமாய் மினுங்கியது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போன் அடித்தது. மனைவி வாசலுக்கு வந்தாள்.

"அத்தான் போய்ட்டாராம்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்த சகலை அப்படியே சாய்ந்துவிட்டாராம். சாயங்காலமே எடுக்கிறார்கள். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போய்ச் சேராமல் எடுக்க முடியாது. அண்ணன் தம்பி இல்லாத வீடு. அப்பா அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் நாங்கள்தான்.

"பெயிண்ட் காயலை," என்றேன். வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான்.

அவள் சேலை எடுக்க ஆட்டோவில் போனாள். திரும்பி வந்தபோது நான் அவளுடைய ஹேர் டிரையரை வயர் இழுத்து வந்து, குந்தி உட்கார்ந்து, காலிப்பருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போதே சக்கரத்தை மாட்டினால் வழியெல்லாம் அறுப்புத் தூசி ஒட்டும் என்ற கவலை எனக்கு.

"அங்க அவர் கெடக்குறார். நீங்க இதுக்குத் தலை உலர்த்துறீங்க."

மாட்டினேன்.

ரோட்டில் பாதியை மறித்து நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் அறுப்பு மெஷின் முன்னால் ஊர்ந்தது. அவள் மடியில் கோடி. போன் அடித்தபடியே இருந்தது. "வந்துட்டோம், வந்துட்டோம்," என்றாள், பாபநாசத்துக்கு முன்பிருந்தே.

போய் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. மேளக்காரர்கள்கூட ஓய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "கோடி என்ன, காசியிலேருந்தா வருது?" என்றார் பந்தலில் ஒரு பெரியவர். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடினாள். நான் துரு இருக்கும் பக்கம் பந்தலைப் பார்க்க, சிவப்புப் பக்கம் சுவரைப் பார்க்க, காரை ஓரமாக ஒண்டி நிறுத்தினேன். அந்த நேரத்திலும் அந்தக் கணக்கு.

அமரர் வண்டி வந்தது. "காரைத் திருப்பிப் போடுங்க சார்." திருப்பினேன். சாயும் வெயில் நேரே சக்கரத்தில் விழுந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் மொத்தமும் பார்த்தன.

"காருக்கு என்ன, கல்யாணமா?" யாரோ கேட்டார்கள். யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளிய பிறகுதான் பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் சிவப்பு. கோடி போர்த்தி உட்கார்ந்திருந்த அக்காவும் பார்த்தார்.

"மருதாணி வெச்சுட்டீங்களா தம்பி," என்றார். "நேத்து போனை வெச்சதும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். ஞாயித்துக்கிழமை வேடிக்கை இருக்குன்னார்."

அருகில் நின்ற என் மனைவிக்கு அவர் கேலிக்காகத்தான் பூசினேன் என்ற விஷயமே அப்போதுதான் தெரிந்தது. அதனால் அவள் முகம் இளகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதிர்பார்த்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது. அவள் என் விரல்களைப் பார்த்தாள், பிறகு அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அரிசி என் கையிலிருந்து சகலையின் மூடிய உதட்டில் விழுந்து சிதறியது.

வலப்பக்கம் இன்னும் துருவாகத்தான் இருக்கிறது. மிச்சப் பெயிண்ட் டப்பாவிலேயே இறுகிவிட்டது. வெளியே கிளம்பும்போது அவள் முன்போல, சிவப்பு இருக்கும் இடப்பக்க முன்கதவைத் திறப்பதில்லை. காரைச் சுற்றிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் ஏறிக்கொள்கிறாள். நானும் முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை.