அப்பா சொன்ன மழை

தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் சட்டியிலிருந்து நான் கவிழ்த்துக் கொட்டிய அந்தப் போஞ்சியில், அந்த பீன்ஸ் கறியில், பூச்சிமருந்து இருந்ததா, இல்லையா? அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்னும் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை அப்பாவின் இந்த நினைவு மலரில் எழுதலாமா என்று தயங்கி மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அண்ணன்கூட, "அப்பாவப் பத்தி நல்லதா எழுதும்மா, போஞ்சியப் பத்தி எதுக்கு?" என்று கேட்டார். போஞ்சியை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா கொத்மலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். ஏழு வயதில் தாயை இழந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார், பிறகு நுவரெலியாவில் மரக்கறி லொறிகளுக்கு மூட்டை ஏற்றினார். காலையில் தான் ஏற்றிவிட்ட கோவா, அதாவது முட்டைக்கோசு, தம்புள்ளைச் சந்தை வரை போய், மூன்றாம் நாள் வாடி வதங்கி நமது டவுன் கடைக்கே திரும்பி வருவதைப் பார்த்துச் சிரிப்பார். "கோவாவுக்குக் கெடைச்ச ஊர் சுத்துற யோகம் நமக்குக் கெடைக்கலையே" என்பார்.

எரிபொருள் இல்லாமல் லொறிகள் நின்ற அந்த வருடம் சிரிப்பு போய்விட்டது. லயங்களுக்குப் பின்னால் பாத்திகளில் லீக்ஸும் கரட்டும் அழுகின. நாட்டுப் பக்கத்துச் சிங்கள விவசாயிகளுக்கும் அதே நிலைமை. ஆனால் அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகள் வெறும் ரொட்டி சாப்பிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது அரை மைல் நடை. அந்த அரை மைலை அப்பா நடந்தார். 'திங்கள் கூடை' அப்படித் தொடங்கியது. பயிரிடுபவர்கள் கொடுப்பதைத் திங்கட்கிழமை காலையில் சேர்த்து, முதலில் பிள்ளைக்காம்பராவுக்கு, பிறகு கேட்ட வீடுகளுக்கு என்று கொண்டு போனார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. மருந்து அடித்து, அதற்குரிய நாட்கள் கழியாத காய் கூடைக்குள் வரக்கூடாது. அதை யாரிடமும் வாசலில் வைத்துக் கேட்க மாட்டார். வீட்டுக்காரரை, ஊர் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அழைத்துப் போவார். தண்ணீர் விழும் சத்தத்தில் இருவரும் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது. "ஆமாண்ணே, பூச்சி தாங்கல, வியாழக்கிழமதான் அடிச்சேன்" என்று சொன்னவரின் காயை விட்டுவிட்டு வருவார். அடுத்த வாரம் அவரிடம்தான் முதலில் போவார். வீடுகளில் "இன்னைக்கு ஏன் லீக்ஸ் இல்ல?" என்று கேட்டால், "மழை" என்பார். அந்த ஒரு சொல் மட்டும்தான். வெயில் அடிக்கும் நாளிலும் அப்பா மழை என்றால் யாரும் மறுபேச்சு பேசியதில்லை.

மருந்து அடித்த காய் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும், பீலிக்கரை விஷயம் தெரியாது. அப்பாவின் கடைசி வாரத் திங்கட்கிழமை, மூச்சு முட்டி எழுந்திருக்க முடியாமல் அவர் படுத்திருந்தபோது, பள்ளி ஆசிரியையான நான், விடுமுறையில் இருந்ததால், கூடையோடு போனேன். அன்று போஞ்சி கொடுத்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரை மட்டும் மாமா என்று இங்கே குறிப்பிடுகிறேன். யாரென்று தேட வேண்டாம். அவர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். வகுப்பில் கேட்பதுபோல எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டேன்: "மாமா, மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

அவர் அந்த ஆட்களைப் பார்த்தார். பிறகு, "இல்லையேம்மா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

மதியம் கண் விழித்த அப்பா கேட்டார்: "எங்க வச்சுக் கேட்ட?"

"வாசல்ல வச்சுத்தாம்பா. ஆளுங்க இருந்தாங்க."

அப்பா படுக்கையிலிருந்து எழுந்து உட்காரப் பார்த்தார். "வாசல்ல எந்த மனுசன் ஆமான்னு சொல்லுவான்? ஓடு. புள்ளைங்க திங்கிறதுக்குள்ள ஓடு."

பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினேன். பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வயதான என் மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. தட்டுகளை வாங்கிக் கொட்டினேன், சட்டியையும் கவிழ்த்தேன். சமைத்த ஆயா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "என்ன டீச்சர் இது? ஏன்னு சொல்லுங்க." என் வாயில் வந்தது அப்பாவின் சொல்தான். "மழைக்கா. மழையில கெட்டுப்போன காய்."

"வெயில் மண்டையப் பொளக்குது. உங்க கூடைக்கு மட்டும் தனி மழையா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பருப்பை அடுப்பில் ஏற்றினார்.

வீடு திரும்பியதும் அப்பா இரண்டு கேள்விகள் கேட்டார். "புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?" என்பது முதலாவது. "அந்த மாமாவ மூஞ்சில அடிச்ச மாதிரி எதுவும் சொல்லிடலையே?" என்பது அடுத்தது. பீலிக்கரை விஷயம் முழுவதையும் அதன் பிறகுதான் மூச்சு வாங்க வாங்க எனக்குச் சொன்னார். மாலை வரை மகளின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளைக்கும் எதுவும் ஆகவில்லை. காய் நல்லதாக இருந்திருக்கலாம். அப்படியானால் நான் ஒரு நேர்மையான மனிதரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இல்லாமலும் இருந்திருக்கலாம். நான்காம் நாள் அப்பா போய்விட்டார். மாமா பாடைக்குத் தோள் கொடுத்தார். அவரிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

அப்பாவை நாற்காலியில் வைத்து மண்பாதை வழியே ஆஸ்பத்திரி வண்டிவரை சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும், கருமாதிக்கு மூட்டை மூட்டையாகக் காய் கொண்டுவந்து, நன்றி சொல்லுமுன் இறங்கிப் போன நாட்டுப் பக்கத்து அண்ணன்மாருக்கும், ஒரு வாரம்கூடக் கூடையை நிறுத்தாத பயிர்க்காரர்களுக்கும், அன்று மேலும் ஒரு கேள்வி கேட்காத ஆயா அக்காவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது கூடை என்னிடம் இருக்கிறது. யாருடைய காய் நிறுத்தப்படுகிறது என்பதைப் பெயரோடு சொல்ல வேண்டும் என்று தாய்மார் சிலர் கேட்கிறார்கள். நானும் ஒரு தாய். அவர்கள் கேட்பது நியாயம். பெயர் வெளியே வந்தால் அடுத்த வாரமே காயைக் கூடைக்குத் தராமல் விற்பனைக்கு லொறியில் ஏற்றிவிடுவோம் என்று பயிர்க்காரர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கூச்சமும் எனக்குப் புரிகிறது. நான் பீலிக்கரைக்கு அழைத்தால் அப்பாவிடம் சொன்னதுபோல என்னிடம் சொல்வார்களா என்பதும் தெரியவில்லை. இதை அச்சில் போட்ட பிறகு மழை என்றும் இனிச் சொல்ல முடியாது. அப்பா காத்த சொல்லை நானே உடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

திவசச் சாப்பாட்டுக்கான காய் முழுவதும் கூடையிலிருந்துதான் வருகிறது. உங்கள் இலையில் போஞ்சி மட்டும் இருக்காது. இந்த வாரம் போஞ்சி தர இருந்த ஒரே ஒருவர், தானாகவே என்னைப் பீலிக்கரைக்கு அழைத்து, மருந்து அடித்ததாகச் சொன்னார். இதை எழுதும் இன்று வரை இங்கே ஒரு துளி மழையும் இல்லை. சமையல்காரர் ஏன் போஞ்சி இல்லையென்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல வேண்டும்? சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போகுமுன் தயவுசெய்து எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.