ஹெலிச் சத்தத்துக்குப் பத்துக்குப் பத்து

பிரிட்டனில் புதிதாகத் தொடங்கிய வீடியோ கேம் சஞ்சிகைக்கு ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் இருந்து விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது இதழுக்கு ஒரு யுத்த கேம் தந்தார்கள். அதில் ஹெலிகொப்டர் தாழப் பறந்து சுடும். ஹெட்போனில் விளையாடிவிட்டு, "ஹெலிச் சத்தம் அசல் மாதிரியே, பத்துக்குப் பத்து" என்று எழுதி அனுப்பினேன்.

பிறகொரு பின்னேரம் அதையே ஸ்பீக்கரில் போட்டேன். குசினியில் சமையல் பாத்திரம் ஏதோ விழுந்து உடைந்தது. ஓடிப்போனால், யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பி வந்த என் அம்மா தரையில் குப்புறக் கிடந்தா.

"ஹெலி வருது. படு பிள்ளை!"

"அம்மா, அது கேம்."

அவவுக்குக் கேட்கவில்லை. என் காலைப் பிடித்து இழுத்தா. பயந்துபோய் நானும் பக்கத்தில் படுத்தேன். அவவின் நடுக்கம் எனக்குள்ளும் ஏறியது.

அந்த வரியை எடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சினேன். "அச்சாகிவிட்டது. அடுத்த இதழில் திருத்தம் போடுவோம்" என்றார். அடுத்த இதழ் வரவேயில்லை. சஞ்சிகையை மூடிவிட்டார்கள்.

இப்போதும் ஆஸ்பத்திரி ஹெலி வீட்டுக்கு மேலால் போனால், நான் வானத்தைப் பார்ப்பதில்லை. அம்மாவைத்தான் பார்க்கிறேன்.