திருச்சி விமான நிலையம் வரை

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் வந்துதான் அழைத்துப் போக வேண்டும். புருஷன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் அதற்குப் பெயர் வேறு. எங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மட்டுமல்ல, என் மனைவி பிறந்த திருச்சிப் பக்கத்துக் கிராமத்திலும் இதுதான் சட்டம். அரசாங்கம் போட்ட சட்டங்களையாவது எப்போதாவது திருத்துவார்கள், இதைத் திருத்த யாராலும் ஆகாது. அப்படியிருந்தும் ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், ஏழு மாதக் கர்ப்பிணியான அவளை நான்தான் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

அவள் என் தாய்மாமன் மகள். மாமாவே அவளை ஹட்டனுக்குக் கூட்டிவந்து எங்கள் தோட்டத்துக் கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டு ஊர் திரும்பினார். அவள் இங்கே தங்கியிருந்தது அரசாங்கம் கொடுத்த தற்காலிக அனுமதியில். இரண்டு முறை நீட்டித் தந்தார்கள். மூன்றாம் முறை முடியாது, இந்தத் தேதிக்குள் போய்விட வேண்டும் என்று கெடு வைத்துவிட்டார்கள். தோட்டத்துத் தமிழர் இங்கேயே பிறந்திருந்தாலும் பிரஜாவுரிமையை எழுதித்தான் கேட்க வேண்டும். என் விண்ணப்பமோ ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கோப்புக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அது தேறினால்தான் மனைவிக்காக நான் வாயைத் திறக்க முடியும். தேறும்வரை நான் நாட்டைவிட்டுப் போய்த் தங்கினால் அதுவும் போச்சு. நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். கால் ஒடிந்த அப்பா, அம்மா, கல்யாணமாகாத இரண்டு தங்கைகள் என்று எல்லோரும் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தோம். ஆக, அவள் போக வேண்டும், நான் இருக்க வேண்டும்.

வழக்கப்படி அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப் போகலாம் என்றால் அவருக்கு விசா கிடைக்கவில்லை. கப்பலில் போகலாம் என்றால் கடல் கொந்தளிப்பில் கப்பல் ஓடவில்லை. கெடுவுக்குக் கடல் அடங்கும்வரை காத்திருக்கும் பொறுமை ஏது? இந்தியாவுக்கு அடிக்கடி போய்வரும் ஹட்டன் துணிக்கடை முதலாளி எங்களுக்குப் பழக்கம். அந்த நல்ல மனுஷன்தான் கொழும்பில் ஆளைப் பிடித்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். தோட்டத்திலிருந்து விமானத்தில் போன முதல் ஜோடி நாங்கள்தான். பெருமைதான், போங்கள்.

புறப்பட்ட அன்று சாயந்தரம் மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தார்கள். அவளுக்குக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வயிறு நிற்கிற வாகைப் பார்த்து, பையன்தான் என்று ஒருத்தி, பொண்ணுதான் என்று இன்னொருத்தி. அம்மா கட்டுச்சோறு கட்டினாள். அவளை ஏன் அனுப்புகிறோம் என்பது லயம் முழுக்கத் தெரியும். ஆனால் ஒருவர்கூட அனுமதி, கெடு என்று வாயெடுக்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள், அவ்வளவுதான். நடிப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மட்டும் வளையல் கையை நீட்டி நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்கள் நடிக்கவில்லை, தங்களால் ஆனதைச் செய்தார்கள் என்று எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.

ஹட்டனில் ரயில் ஏறி, விடியும்போது கொழும்பை நெருங்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவள் சொன்னாள்.

“நீங்க ஊருக்குள்ள வர வேணாங்க. அண்ணன் தோட்டத்துக்கே வந்து கூட்டியாந்துச்சுன்னு சொல்லிக்கிறோம். நீங்க வந்து விட்டுட்டுத் திரும்பினா, வாழாம வந்துட்டான்னு பேசுவாங்க.”

அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. என் தாத்தா விட்டுவந்த ஊரும் அதுதான். இரண்டு நாளாவது அவளோடு அங்கே இருந்துவிட்டு வரலாம் என்று மனசுக்குள் கட்டிவைத்திருந்ததெல்லாம் சரிந்தது. கத்தலாம் போலிருந்தது. எதிரே ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அதிகம் வலித்தது.

ரத்மலானை விமான நிலையத்தில் அதிகாரி எங்கள் இருவரின் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையதில் திரும்பி வர அனுமதி இருந்தது, அவளுடையதில் இல்லை. நீ வருகிறாய், இவள் வரமாட்டாளா என்று சிங்களத்தில் கேட்டார். அவளுடைய வயிற்றை ஒரு தரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு முத்திரையைக் குத்தினார். கெட்டவராகத் தெரியவில்லை.

என்ன கேட்டார் என்றாள். பிரசவம் எப்போது என்று கேட்டார் என்றேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அக்கம்பக்கத்துச் சிங்களப் பெண்களோடு பேசிப் பேசி அவளுக்கும் அந்தப் பாஷை ஓரளவு வரும் என்பது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

விமானம் எழும்பியபோது அவள் என் கையை வளையல் நெரியப் பிடித்துக்கொண்டாள். காது அடைக்காமலிருக்க மிட்டாய் கொடுத்தார்கள். அவள் அதை வாயில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள், அண்ணன் பிள்ளைகளுக்காம். எனக்குத்தான் குமட்டியது, கர்ப்பிணி கல்லுமாதிரி இருந்தாள். யாழ்ப்பாணத்தில் இறங்கி ஏறியதும் கீழே கடல் வந்தது. கொந்தளிப்பு என்று கப்பலை நிறுத்திய கடல், மேலேயிருந்து பார்த்தால் சுருங்கிய சேலைபோலக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்துக் கரை தெரிய ஆரம்பித்துவிட்டது.

“இவ்வளவு கிட்டவா இருக்கு?” என்றாள்.

அதற்கப்புறம் திருச்சி வரைக்கும் கட்டுச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு பிரிக்காமலே இருந்தாள். நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

திருச்சியில் கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. ஹட்டன் குளிருக்கு அவள் போட்டிருந்த கம்பளிச் சட்டையை, விமான நிலையத் தாழ்வாரத்தில் நின்று கழற்றினாள். கல்யாணமான புதிதில் குளிர் தாங்காமல் பல் கிட்டியவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதை ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

“இங்க இது எதுக்குங்க? சின்னவளுக்குக் குடுங்க. அவளுக்குத்தான் சளி புடிக்குது.”

திரும்பி வருகிறவள் கம்பளியைத் தங்கைக்குக் கொடுக்கச் சொல்வாளா? விண்ணப்பம் தேறிவிடும், தேறிவிடும் என்று நான் ஆறு மாதமாகச் சொல்லிவந்ததை அவள் ஒரு நாளும் நம்பவில்லை என்று அந்த நிமிஷத்தில் தெரிந்தது. என் முகம் கோணக்கூடாதே என்று, நம்பியதாகக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நாலு பேர் பார்க்க அழக்கூடாது என்று மூக்கைச் சிந்தினேன்.

மச்சான் மாட்டுவண்டியோடு வெளியே நின்றார். கல்யாணத்துக்கு வராதவர், அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். தங்கையின் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தார். சுகம் விசாரித்தார், அப்பாவின் காலைக் கேட்டார். பிறகு, பிரசவத்துக்கு அழைத்துப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முறைப்படி கேட்டார்.

“தாயையும் பிள்ளையையும் அழைச்சிக்கிட்டுப் போக எப்ப வர்றீங்க மாப்ள?”

“மூணாம் மாசம் வர்றோம்” என்றேன். மாப்பிள்ளை வீட்டார் சொல்ல வேண்டியதும் அதுதான். லயத்தில் நடிப்பு என்று எரிந்து விழுந்தவன், என் முறை வந்ததும் தயங்காமல் சொல்லிவிட்டேன். அவள் வண்டிக்குள் கால் நீட்டி உட்கார்ந்தபடி, அண்ணன் தலைப்பாகைக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். கையாட்டவில்லை. எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் வராது.

விமானம் சென்னைக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்பும் என்றார்கள். அதுவரை அந்தத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஹட்டன் பஸ்ஸில் சண்டை வந்தால் இந்தியாக்காரா, உன் நாட்டுக்குப் போ என்று என்னை ஏசுவார்கள். என் நாடு என்று அவர்கள் சொன்னதில் நான் பார்த்தது ஒரு தாழ்வாரம், ஒரு வேப்பமரம், தண்ணீர்ப் பானை. கம்பளிச் சட்டை மடியில் சூடாகக் கிடந்தது. மாலையில் விமானம் ஏறினேன்.

மகள் பிறந்ததாகத் தந்தி வந்தது. மூன்றாம் மாதம் வந்தது, போனது. விண்ணப்பம் பிறகு தள்ளுபடியாயிற்று. ஏதோ ஒரு வருஷம் நாங்கள் இங்கே குடியிருந்ததற்குச் சாட்சி போதாதாம். என் அப்பா பிறந்ததே அந்தத் தோட்டத்தில்தான். அப்புறம் அப்பா இறந்தார், ஒரு தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு அரசாங்கங்களிடமும் கெஞ்சி நான் அந்த ஊருக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தபோது மகளுக்கு நான்கு வயது முடிந்திருந்தது.

வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். என் அம்மாவின் நெற்றி, அப்படியே. என் சட்டையையும் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள்.

“அம்மா, சிலோன் மாமா ஒருத்தர் வந்திருக்காரு.”

என் மனைவி ஓடிவந்தவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். பிள்ளையைத் திருத்த அவள் வாயைத் திறந்தது தெரிந்தது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். என் விசா இரண்டு வாரத்துக்குத்தான் இருந்தது.